ஐதரசன் வண்டி மலைநாட்டுக்கு வருமா? கராஜில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கத்தில் வாகன மின்வேலை செய்கிறேன். என்னிடம் வருபவை பெரும்பாலும் ஹைபிரிட் கார்கள். பெட்டரி இறங்கியது, மீற்றரில் சிவப்பு முக்கோணம் விழுந்தது என்று கொண்டு வருவார்கள். 5 ஆண்டுத் தடைக்குப் பிறகு 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டதிலிருந்து, வண்டியை விட்டுவிட்டு பிளேன்டீ குடிக்கும் நேரத்தில் எல்லோரும் அடுத்த வண்டியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதில் ஐதரசன் பேச்சு வராத நாள் குறைவு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். ஹைட்ரஜன் என்று செய்தியில் வருவதும் நம் பாடப்புத்தகத்தில் உள்ள ஐதரசனும் ஒன்றுதான்.

ஐதரசன் வண்டி என்றால் தண்ணீரில் ஓடும் வண்டிதானே?

இல்லை. இதைத்தான் முதலில் தெளிவாக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் குழப்பத்தால் பணம் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விறகு எரிந்து முடிந்தால் மிஞ்சுவது சாம்பல். ஐதரசன் ஒட்சிசனோடு சேர்ந்து முடிந்தால் மிஞ்சுவது தண்ணீர். சாம்பலை மறுபடி அடுப்பில் போட்டு சோறு ஆக்க முடியாது. தண்ணீரும் அப்படித்தான், அதில் எரிபொருள் சக்தி மிச்சமில்லை. தண்ணீரைப் பிரித்து ஐதரசன் எடுக்கலாம், ஆனால் அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும். கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் திரும்பக் கிடைக்கும்.

2022இல் பெற்றோல் செட் வாசலில் நாள்கணக்கில் வரிசையில் கிடந்தோமே, அந்தக் காலத்தில் தண்ணீரைப் பிரித்து என்ஜினுக்கு ஊட்டும் கருவி என்று ஒன்றை விற்றார்கள். ஒருவர் தன் வேனில் அதைப் பூட்டிக்கொண்டு வந்தார். போத்தலில் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டுதான் இருந்தது. அந்தக் குமிழிக்கான மின்சாரம் வேனின் டைனமோவிலிருந்து போனது, டைனமோவைச் சுழற்றியது அதே டீசல்தான். மூன்று மாதத்தில் டைனமோ கருகியது. பாவம், கடன் வாங்கிப் பூட்டியிருந்தார்.

சரி, அப்படியானால் உள்ளே என்னதான் நடக்கிறது?

ஐதரசன் கார் ஒரு மின்கார். சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார்தான். அந்த மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தை வண்டிக்குள்ளேயே உண்டாக்குவது எரிபொருள் கலம். அங்கே எதுவும் வெடித்து எரிவதில்லை, பிஸ்டன் இல்லை, புகைக்குழாயில் புகையும் இல்லை.

ஒரு கலம் என்பது மெல்லிய தகடு மாதிரி. நடுவே ஒரு மென்சவ்வு, அதன் இரண்டு பக்கமும் பிளாற்றினம் கலந்த மெல்லிய பூச்சு. ஒரு பக்கம் ஐதரசன் வரும், மறு பக்கம் காற்று வரும். பிளாற்றினத்தில் படும் ஐதரசன், புரோத்தனாகவும் இலத்திரனாகவும் பிரியும். மென்சவ்வு புரோத்தனை மட்டும் ஊடாக விடும். இலத்திரன் வெளியே வயர் வழியாகச் சுற்றித்தான் மறு பக்கம் போக முடியும். அந்தச் சுற்றுதான் மின்சாரம். மறு பக்கத்தில் எல்லாம் ஒட்சிசனோடு சேர்ந்து தண்ணீராக வழியும்.

வேலை செய்யும்போது ஒரு கலத்தில் கிடைப்பது 0.6 அல்லது 0.7 வோல்ட், டோர்ச் பெட்டரியில் பாதிகூட இல்லை. அதனால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். டொயோட்டாவின் ஐதரசன் காரான மிராயின் இரண்டாம் தலைமுறையில் இப்படி 330 கலங்கள். அந்த அடுக்கு 128 கிலோவாற்று தரும். ஹைபிரிட் பெட்டரியைத் திறந்து உள்ளே வரிசையாக நிற்கும் பகுதிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தெரியாது.

இது புதுக் கண்டுபிடிப்பா?

இல்லை, மிகப் பழைய யோசனை. வில்லியம் குரோவ் 1839இலேயே ஐதரசனையும் ஒட்சிசனையும் சேர்த்து மின்சாரம் எடுத்துக் காட்டினார். நூறு ஆண்டுக்கு மேல் அது ஆய்வுகூடத்தோடு நின்றது. 1960களில் அமெரிக்காவின் ஜெமினி, அப்பலோ விண்கலங்களுக்கு மின்சாரம் கொடுத்தது எரிபொருள் கலம்தான். அப்பலோவில் போனவர்கள் அதில் வழிந்த தண்ணீரையே குடித்தார்கள். 1966இல் ஜெனரல் மோட்டர்ஸ் ஒரு வேனில் இதைப் பூட்டி ஓட்டியது. தாங்கியும் குழாயுமாக வேனின் உட்புறம் முழுவதும் நிறைந்து, இரண்டு பேர் உட்கார மட்டும் இடம் மிஞ்சியது. அதையெல்லாம் சுருக்கி, ஆள் போகும் காருக்குள் அடக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. ஹியுண்டாய் 2013இல் ஐஎக்ஸ்35ஐயும், டொயோட்டா 2014 டிசம்பரில் மிராயையும் விற்பனைக்குக் கொண்டு வந்தன.

நம் ஏற்றத்துக்கு இழுக்குமா?

லொறி ஓட்டும் அண்ணன்மார் எல்லோரும் கேட்கும் கேள்வி. இழுக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். மின்மோட்டாருக்கு நின்ற நிலையிலேயே முழு இழுவையும் கிடைக்கும். கினிகத்தேனை ஏற்றத்தில் பழைய டீசல் பஸ் முதலாம் கியரில் முக்கி முனகும் இடத்தில் மோட்டார் சத்தமில்லாமல் ஏறும்.

உயரமான இடத்தில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே காற்றின் அமுக்கம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். எரிபொருள் கலத்துக்கும் மூச்சு வேண்டும் என்பதால் காற்றைத் தள்ளும் கொம்பிரசர் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். இந்தியாவில் லே நகரத்தில், 3,500 மீற்றருக்கு மேலே, ஐதரசன் பஸ்கள் ஓடுகின்றன. அப்படியிருக்க நுவரெலியா ஒரு தடையே இல்லை. ஜனவரி உறைபனியில் கலத்துக்குள் தண்ணீர் உறையாதா என்று ஒரு தம்பி கேட்டார். வண்டியை நிறுத்தும்போது உள்ளே நிற்கும் தண்ணீரை ஊதி வெளியேற்றும் ஏற்பாடு இருக்கிறது, பூச்சியத்துக்குக் கீழே 30 பாகையிலும் மிராய் கிளம்பும்.

எனக்குப் பெரிய கவலை ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில்தான். இதை யாரும் கேட்பதில்லை, அதனால் நானாகவே சொல்கிறேன்.

15 தொன் எடையுள்ள ஒரு பஸ் கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுகிறது என்று வையுங்கள். வீதி உராய்வு, காற்றுத் தடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அந்த எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் சுமார் 76 யூனிட் (கிலோவாற்றுமணி) சக்தி வேண்டும். ஐதரசனாக அது ஏறக்குறைய 5 கிலோ. திரும்பி இறங்கும்போது அந்தச் சக்தி முழுவதும் எங்கே போகிறது? டீசல் பஸ்ஸில் பிரேக்கில் சூடாகப் போகிறது. ரம்பொடை இறக்கத்தில் பிரேக் லைனர் கருகும் வாடை நமக்குப் பழகிப்போன வாடை. பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் போன பஸ்களையும் நமக்குத் தெரியும், அந்த வீட்டுக்காரர்களையும் தெரியும்.

மின்வண்டியில் மோட்டாரே பிரேக்காக மாறி, அந்தச் சக்தியில் பெரும் பகுதியைப் பெட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ஐதரசன் வண்டியிலும் மோட்டார் அப்படித்தான் செய்யும். ஆனால் எரிபொருள் கலம் ஒருவழிப் பாதை. மின்சாரத்தை வாங்கி மறுபடி ஐதரசனாக்கித் தாங்கிக்குள் போட அதற்குத் தெரியாது. அதனால் கூடவே ஒரு சின்னப் பெட்டரி வைப்பார்கள். மிராயில் அது ஒன்றேகால் யூனிட் அளவுதான். மிராயின் எடைக்கு நுவரெலியாவிலிருந்து கீழே இறங்கும்போது விடுபடும் சக்தி ஒன்பது யூனிட்டுக்கு மேல். பாதி கிடைத்தாலும் வைக்க இடமில்லை. இறக்கத்தின் முதல் பகுதியிலேயே பெட்டரி நிரம்பிவிடும், மிச்ச வழிக்குப் பழையபடி பிரேக் லைனர்தான்.

40 யூனிட் பெட்டரி உள்ள ஒரு நிசான் லீஃப் இதை அப்படியே விழுங்கும். (லீஃப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: நுவரெலியாவில் 100 வீதம் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். 80இல் நிறுத்துங்கள். இறக்கத்துக்கு இடம் விடுங்கள்.) சமதரை நாட்டுக்காரருக்கு இந்தக் கணக்கு பெரிதில்லை. நமக்கு இதுவே பாதி கணக்கு.

தாங்கி வெடித்துவிடாதா?

பயம் நியாயமானது. சாதாரண தரத்தில் படிக்கும்போது பழைய டோர்ச் பெட்டரியின் நாகத் தகட்டை நறுக்கி ஐதான அமிலத்தில் போட்டு, சோதனைக் குழாயில் வாயுவைப் பிடித்து, எரியும் குச்சியை வாயருகே கொண்டு போவோமே. ‘பொப்’ என்று ஒரு சத்தம். எங்கள் வகுப்பில் ஒருவன் பெரிய போத்தலில் பிடித்துச் செய்து பார்த்து, போத்தல் சிதறி அவன் கையில் தையல் போட வேண்டியதாயிற்று. காற்றில் 4 வீதத்திலிருந்து 75 வீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் ஐதரசன் தீப்பிடிக்கும். சின்னப் பொறியே போதும். சுவாலை பகலில் கண்ணுக்குத் தெரியாது.

அதே நேரம் அது காற்றைவிட 14 மடங்கு இலேசு. கசிந்தால் மேலே பறந்துவிடும். சமையல் கேஸ் அப்படியல்ல, தரையில் படிந்து கிடக்கும். திறந்த வெளியில் ஐதரசன் கசிவு சீக்கிரம் கலைந்துவிடும். மூடிய கராஜ், தாழ்ந்த கூரை, இவைதான் ஆபத்தான இடம். எங்களைப் போன்ற தகரக் கொட்டகைக் கராஜுக்கு ஒரு ஐதரசன் வண்டி வந்தால் முதலில் கூரையில் காற்று போக வழி வெட்ட வேண்டும்.

அமுக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார் டயருக்கு 32 அடிப்போம். ஐதரசன் தாங்கியில் அதே கணக்கில் 10,000க்கு மேல், அதாவது 700 பார். அதற்காகத் தாங்கியை உள்ளே பிளாஸ்டிக் உறை, வெளியே காபன் நார் சுற்று என்று பல படையாகச் செய்கிறார்கள். தீயில் சூடேறினால் வால்வு தானே திறந்து வாயுவை விட்டுவிடும்.

2019 ஜூனில் நோர்வேயில், ஒஸ்லோவுக்கு அருகே ஒரு ஐதரசன் நிரப்பு நிலையம் வெடித்தது. காரணம் தேடிப் பார்த்தபோது, உயர் அமுக்கத் தாங்கி ஒன்றின் மூடியில் போல்ட் சரியாக இறுக்கப்படவில்லை என்று தெரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை, வீதியில் போன காரில் எயார்பேக் விரிந்து இரண்டு பேருக்குச் சின்னக் காயம். ஸ்பெனர் பிடிக்கும் எனக்கு அந்தச் செய்தி மறப்பதில்லை. தாங்கி உறுதியானதுதான், அதை இறுக்கும் கையும் அளவுக்கருவியும் அதே உறுதியோடு இருக்க வேண்டும்.

நிரப்ப எவ்வளவு நேரம்? எவ்வளவு தூரம் ஓடும்?

3 முதல் 5 நிமிடம். இரண்டாம் தலைமுறை மிராயில் 5.6 கிலோ பிடிக்கும், அமெரிக்க அளவீட்டில் 647 கிலோமீற்றர். சுமாராக 100 கிலோமீற்றருக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு விடயத்திலும் ஐதரசன் பெட்டரியை வெல்கிறது. இலங்கையில் நிரப்புவதற்கு ஒரு பொது நிலையமும் இல்லை.

ஐதரசனை எங்கிருந்து எடுக்கிறார்கள்? நம் ஆற்றுத் தண்ணீரில் எடுக்க முடியாதா?

உலகத்தில் இன்று தயாராகும் ஐதரசனில் மிகப் பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. இயற்கை வாயுவில் எடுத்தால் ஒரு கிலோ ஐதரசனுக்கு 9, 10 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். அப்படி எடுத்ததை ஊற்றி ஓட்டினால் வண்டியின் பின்னால் சுத்தமாக இருக்கும், புகை வேறு எங்கோ போயிருக்கும். தண்ணீரை மின்பகுத்து, அந்த மின்சாரமும் ஆறு, காற்று, வெயிலிலிருந்து வந்தால்தான் அதைப் பச்சை ஐதரசன் என்கிறார்கள். உலக உற்பத்தியில் அந்தப் பங்கு இன்னும் மிகச் சிறியது.

நம் மலைநாட்டில் தண்ணீரும் இருக்கிறது, நீர் மின்சாரமும் இருக்கிறது. காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள் நிரம்பி, நோர்ட்டன் பிரிட்ஜ், லக்ஷபான என்று ஒரே ஆற்றுத் தண்ணீர் அடுத்தடுத்த மின்நிலையங்களைச் சுழற்றிவிட்டுப் போகிறது. தலவாக்கலையில் மேல் கொத்மலை மின்நிலையம் 150 மெகாவாற்று. ஆகையால் முடியாதா என்ற கேள்வி நியாயம்தான். கணக்குப் பார்ப்போம்.

ஹட்டன் மாதிரி ஓர் இடத்தில் 20 பஸ் வைத்திருக்கும் டிப்போவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் நாளுக்கு 200 கிலோமீற்றர். 100 கிலோமீற்றருக்கு 9 கிலோ என்று போட்டால் மொத்தம் நாளுக்கு 360 கிலோ ஐதரசன். ஒரு கிலோவுக்கு அடிப்படையில் 9 லீற்றர் தண்ணீர் வேண்டும், ஆக 3,240 லீற்றர். சுத்திகரிப்பில் வீணாவதைச் சேர்த்தாலும் ஒன்றிரண்டு பவுசர் தண்ணீர்தான். மழை நாட்டில் இது ஒரு பொருட்டே இல்லை.

மின்சாரம்? ஒரு கிலோவுக்கு 50 முதல் 55 யூனிட். 360 கிலோவுக்கு ஏறக்குறைய 20,000 யூனிட். மேல் கொத்மலை முழு வேகத்தில் 8 நிமிடம் ஓடினால் அது வந்துவிடும்.

இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஆனால் அடுத்த வரியையும் போட்டாக வேண்டும். அதே 20 பஸ்ஸும் பெட்டரி பஸ்ஸாக இருந்தால் அதே தூரத்துக்கு வேண்டியது 6,000 யூனிட் அளவுதான்.

ஏன் அவ்வளவு வித்தியாசம்?

வழியில் சிந்துவதால். மின்சாரத்தை ஐதரசனாக்கும்போது ஒரு பங்கு வெப்பமாகப் போகும். அதை 700 பாருக்கு அமுக்க இன்னொரு பங்கு. மறுபடி மின்சாரமாக்கும்போது எரிபொருள் கலத்தில் பாதி அளவு வெப்பமாகும். 100 யூனிட் கொடுத்தால் சக்கரத்துக்கு வருவது 30க்குக் குறைவு. பெட்டரி வழியாகப் போனால் 70க்கு மேல் வந்து சேரும். கார் கணக்கில் சொன்னால், 100 கிலோமீற்றருக்கு மிராய்க்குச் சுமார் 60 யூனிட், லீஃபுக்கு 15 முதல் 18 யூனிட். பொறியியல் எவ்வளவு முன்னேறினாலும் இந்த இடைவெளி சுருங்குமே தவிர மூடாது. படிகள் அதிகம், ஒவ்வொரு படியிலும் சிந்தல் உண்டு.

இதற்கு ஒரு நல்ல எதிர்வாதம் இருக்கிறது. மிச்ச மின்சாரத்தை என்ன செய்வது? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு நண்பகல், நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு தொட்டதால் என்று எல்லோரும் பேசினார்கள். பாவனை குறைந்த ஞாயிறு நண்பகலில் கூரைச் சூரிய மின்சாரம் அதிகமாக இருந்ததால் வலையமைப்பு அந்த ஒரு அடியைத் தாங்கும் பலத்தில் இல்லை என்பதுதான் உள்விடயம். அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரை மின்தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. வெயிலில் விளைந்த கரண்டை வேண்டாமென்று சொல்லும் நிலை. அதை ஐதரசனாக்கி வைக்கலாமே என்று கேட்டால், நான் மறுக்கமாட்டேன். ஆனால் மின்பகுப்பு இயந்திரம் விலையுயர்ந்தது. விடுமுறை நண்பகலில் மட்டும் ஓட்டினால் போட்ட முதல் திரும்பாது. அதற்கு முன்பே, பகலில் தண்ணீரை மேலே ஏற்றி இரவில் இறக்கும் நீரேற்று மின்நிலையத்துக்கு மஹா ஓயாவில் 600 மெகாவாற்றுத் திட்டம் இருக்கிறது. என் பார்வையில் அது முதலில் வர வேண்டும்.

பெரிய லொறிக்கு ஐதரசன்தான் சரி என்கிறார்களே?

நீண்ட தூரம், அதிக பாரம், நிறுத்த நேரமில்லை என்றால் ஐதரசனுக்கு வாதம் இருக்கிறது. ஹியுண்டாய் 2020இலிருந்து சுவிற்சர்லாந்தில் ஐதரசன் லொறிகளை ஓட்டுகிறது. அது மலை நாடு, நீர் மின்சார நாடு, நம்மோடு ஒப்பிடப் பொருத்தமானது. அந்த லொறியில் 350 பார் அமுக்கத்தில் 30 கிலோவுக்கு மேல் ஐதரசன் போகும். மறுபக்கம், ஐதரசன் லொறிக்குப் பெயர் போன அமெரிக்காவின் நிகோலா நிறுவனம் 2025 பெப்ரவரியில் வங்குரோத்து கோரியது.

நம் மலைநாட்டு லொறியின் வழக்கமான ஓட்டம் எவ்வளவு? ஹட்டன் தேயிலைத் தூளை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு இறங்கும் லொறி 130 கிலோமீற்றர் அளவு ஓடுகிறது. பாரத்தோடு இறங்கி, பெரும்பாலும் பாரம் குறைந்து ஏறுகிறது. மின்லொறிக்கு இதைவிட நல்ல பாதை அமையாது, ஏனென்றால் இறங்கும்போது பெட்டரி நிறையும். கொழுந்து லொறி தோட்டத்துக்குள்ளேயே மலைக்கும் ஸ்டோருக்கும் (தேயிலைத் தொழிற்சாலைக்கும்) இடையே ஓடுகிறது, இரவு முழுவதும் ஸ்டோரிலேயே நிற்கிறது. இவற்றுக்கு ஐதரசன் தேவையில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

ரயிலுக்கு?

மலையக ரயில் பாதையில் ஐதரசன் ரயில் என்று கேட்டாலே மனம் குளிர்கிறது. பட்டிப்பொலையில் டீசல் புகை இல்லாமல் நிற்கும் ரயிலை நினைத்துப் பாருங்கள்.

ஜெர்மனியில் 2018இல் முதல் ஐதரசன் பயணிகள் ரயில் ஓடியது, 2022இல் ஒரு பாதை முழுவதற்கும் 14 ரயில்கள் வந்தன. பிறகு அதே மாநில ரயில் நிறுவனம் கணக்குப் பார்த்துவிட்டு, அடுத்து வாங்குவது பெட்டரி ரயில், அதுதான் மலிவு என்று முடிவு செய்தது. இந்தியா இன்னும் முயற்சியை விடவில்லை. சென்னை பெரம்பூர் தொழிற்சாலையில் 1,200 குதிரைவலு ஐதரசன் பெட்டியை 2025 ஜூலையில் சோதித்தார்கள். மலைப் பாதைகளுக்கென 35 ஐதரசன் ரயில்கள் என்ற திட்டமும் அறிவிக்கப்பட்டது, அதில் நீலகிரிப் பாதையின் பெயரும் அடிபடுகிறது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் சொந்தங்கள் எத்தனை பேர் அந்தப் பக்கம் போய்க் குடியேறினார்கள்! கோத்தகிரியில் இருக்கும் என் சித்தப்பா வீட்டார் அதில் ஏறும் நாளில் எனக்குத் தொலைபேசி எடுப்பார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பெரம்பூரில் செய்த ரயில் ஏற்கனவே நம் தண்டவாளத்தில் ஓடுகிறது, இரண்டு நாட்டிலும் பிரதான பாதைகளின் அகலம் ஒன்றே. அதனால் அங்கே வெற்றியானால் இங்கே வருவதற்கு வழி இருக்கிறது. ஆனால் நம் பாதை 44 அடிக்கு ஓர் அடி ஏறும் பாதை, வளைவுகள் மிக நெருக்கம். சமதரையில் சோதித்ததை அப்படியே கொண்டு வர முடியாது. இங்கேயும் இறக்கத்துச் சக்தியைப் பிடிக்கப் பெரிய பெட்டரி வேண்டும்.

உலகம் இதைக் கைவிட்டுவிட்டதா?

கார் விடயத்தில் பின்வாங்கல்தான் அதிகம். 2024 பெப்ரவரியில் ஷெல் நிறுவனம் கலிபோர்னியாவில் கார்களுக்கான தன் ஐதரசன் நிலையங்களை மூடியது. அங்கே ஒரு கிலோ 36 டொலர் வரை ஏறியது. ஸ்டெல்லான்டிஸ் 2025 ஜூலையில் ஐதரசன் வேன் திட்டத்தை நிறுத்தியது. உலகம் முழுவதும் ஓடும் ஐதரசன் வண்டிகள் மொத்தம் ஒரு லட்சம் அளவு. 2024ஆம் ஆண்டில் மட்டும் விற்ற மின்கார்கள், பிளக்-இன் ஹைபிரிட்டைச் சேர்த்து, 1 கோடி 70 லட்சத்துக்கு மேல்.

டொயோட்டாவும் ஹியுண்டாயும் விடவில்லை. ஹியுண்டாய் 2025இல் நெக்ஸோ என்ற தன் ஐதரசன் காரின் புதிய வடிவத்தைக் காட்டியது, பிஎம்டபிள்யூ 2028இல் ஐதரசன் கார் தருவதாகச் சொல்லியிருக்கிறது. சீனா பஸ், லொறிப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது. என் கணிப்பு இது: சொந்தக் காரில் ஐதரசன் வெல்லாது. கப்பல், உருக்கு ஆலை, உரம், சில நீண்டதூர லொறி, இங்கேதான் அதன் இடம்.

ஜப்பான் ஏலத்தில் பழைய மிராய் மலிவாகப் போகிறதாமே, எடுக்கலாமா?

எடுக்காதீர்கள், தயவுசெய்து. நிரப்ப இடமில்லை. தாங்கிக்கு ஆயுள் 15 ஆண்டு, அதற்குப் பிறகு நிரப்பக் கூடாது என்று ஜப்பானில் சட்டமே இருக்கிறது. முதல் ஓரிரு ஆண்டுகளில் விற்ற மிராய் என்றால் அதில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது.

அப்படியானால் மலைநாட்டுக்கு ஐதரசனால் ஒரு பயனும் இல்லையா?

இருக்கிறது. பெரிய பயன். வண்டியில் தேடுவதால் கண்ணில் படாமல் போகிறது.

நம் தோட்டங்களுக்கு ஐதரசன் பல பத்தாண்டுகளாக வந்துகொண்டுதான் இருக்கிறது, உர மூட்டைக்குள். யூரியாவின் அடிப்படை அமோனியா. அமோனியா செய்வது ஐதரசனையும் காற்றிலுள்ள நைதரசனையும் சேர்த்து. 50 கிலோ யூரியா மூட்டையில் நைதரசன் 23 கிலோ. அதைக் கட்டிப்பிடிக்க வேண்டிய ஐதரசன் ஏறக்குறைய 5 கிலோ. ஒரு மூட்டை யூரியா, ஒரு மிராய் தாங்கி. இரண்டும் சரிக்குச் சரி.

2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தியபோது என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2021இல் நாட்டின் தேயிலை உற்பத்தி 30 கோடி கிலோவுக்கு அருகே இருந்தது, 2022இல் 25 கோடிக்கு வந்தது. புள்ளிவிவரத்தில் அது ஒரு வரி. எங்கள் வீட்டில் அது அக்காவின் கூடை. செடி துளிர்விடாமல் நின்றது, இலை மஞ்சளித்தது, காலையிலிருந்து மாலை வரை மலையில் நின்றும் நிறை வரவில்லை. நிறை வராத நாளில் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி. அவள் கொழுந்துக் கூடையைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பாள். அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். தடையை நவம்பரில் நீக்கினார்கள், ஆனால் அடுத்த ஆண்டு வாங்க டொலர் இல்லை.

நீர் மின்சாரத்தில், மன்னார்க் காற்றில், பகல் வெயிலின் மிச்சத்தில் நம் நாட்டிலேயே ஐதரசன் எடுத்து அமோனியா செய்ய முடிந்தால், உரத்துக்குக் கப்பலையும் டொலரையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. யூரியா செய்யக் காபனீரொட்சைட்டும் வேண்டும், அது கொஞ்சம் சிக்கல். அமோனியம் சல்பேட்டுக்கு அது வேண்டாம், தேயிலைக்கு அதுவும் நன்றாக ஏற்கும். 5 கிலோ ஐதரசனுக்கு 275 யூனிட் மின்சாரம் என்பதால் இன்றைய நிலையில் விலை கூடத்தான் வரும். ஆனால் இங்கே பெட்டரி போட்டிக்கு வராது. வண்டியைப் பெட்டரியில் ஓட்டலாம், தேயிலைச் செடிக்குப் பெட்டரியை உரமாகப் போட முடியாது. அரசாங்கம் ஐதரசன் என்று பேசும்போதெல்லாம் ஏற்றுமதி, கப்பல் எரிபொருள் என்று பேசுகிறார்கள். தோட்டத்து உரத்தைப் பற்றியும் நம் ஆட்கள் கேட்க வேண்டும்.

என் மகன் சாதாரண தரம் எழுதிவிட்டான். இந்த வேலைக்கு எதிர்காலம் இருக்கிறதா? எதைப் படிக்க வைக்கலாம்?

உயர் வோல்ட் வாகன மின்வேலையைப் படிக்கட்டும். ஹைபிரிட், பெட்டரி, ஐதரசன் எதுவானாலும் மோட்டாரும் இன்வேட்டரும் ஒன்றுதான், ஒருமுறை கற்றது எல்லாவற்றுக்கும் உதவும். தொழிற்பயிற்சி நிலையங்களில் வாகன மின்னியல் பாடத்தில் சேரும்போது, உயர் வோல்ட் செய்முறை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

என்னிடம் பழக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் ஸ்பெனர் கொடுப்பதில்லை. பொனற்றைத் திறந்து ஆரஞ்சு நிற வயரைக் காட்டுவேன். 12 வோல்ட்டில் கை வைத்த பழக்கத்தில் அதைத் தொடாதே என்பேன். பிரியஸின் பெட்டரிப் பக்கம் அது 200 வோல்ட் அளவு, மோட்டார் பக்கம் அதன் இரண்டு மடங்குக்கும் மேல், மிராயில் 650 வரை போகும். முதலில் ஆயிரம் வோல்ட் தாங்கும் இறப்பர் கையுறையை ஊதிப் பார், ஓட்டை இருந்தால் காற்று கசியும். அதைப் போட்டுக்கொண்டு, உயர் வோல்ட் சுற்றைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றி சட்டைப் பையில் போட்டுக்கொள், வேறு யாரும் தெரியாமல் பூட்டிவிடக் கூடாது. பிறகு கொண்டென்சரில் மிஞ்சிய மின்சாரம் இறங்க 10 நிமிடம் காத்திரு. ஆயிரம் வோல்ட் தாங்கும் இறப்பர் கையுறையை ஊதிப் பார், ஓட்டை இருந்தால் காற்று கசியும். அதற்குப் பிறகுதான் மீற்றரை வைத்துப் பூச்சியம் காட்டுகிறதா என்று பார்ப்போம்.